அப்பாவின் கால் சதைக்கு எது: டின்னா, முட்டையா, மீனா, பயறா?

சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அப்பா இரண்டு கைகளையும் ஊன்ற ஆரம்பித்ததை வீட்டில் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது வாட்ச் ரிப்பேர் கடைக்காரர். பட்டையில் இன்னொரு ஓட்டை போடச் சொல்லி அப்பா நீட்டியபோது, "போன வருஷம்தானே சார் ஒண்ணு போட்டேன்?" என்றாராம். அதை ஒரு வேடிக்கையாகத்தான் அப்பா எங்களிடம் சொன்னார்.

எடை மட்டும் அப்படியே 58 கிலோவில் நின்றது. நாங்கள் ஏமாந்தது அதனால்தான். தொடையிலும் கெண்டைக்காலிலும் போனது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்ந்திருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் எடை மெஷினுக்குத் தெரியாது. இதற்கு சார்கோபீனியா என்று ஒரு பெயர் உண்டு. இர்வின் ரோசன்பர்க் என்பவர் 1989இல் வைத்தது. கிரேக்கத்தில் சதை, இழப்பு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. அமெரிக்காவில் நோய்களுக்குக் கொடுக்கும் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைத்ததே 2016இல்தான். அதுவரை எல்லா ஊரிலும் இதற்கு ஒரே பெயர்: "வயசாயிடுச்சு, அப்படித்தான்."

வயதானால் தசை குறைவது உண்மைதான். முப்பதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை போகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. ஆனால் அப்பாவுக்கு 71 வயது. எதிர்வீட்டுத் தாத்தா அவரைவிட நான்கு வயது மூத்தவர், இன்னும் மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குகிறார். ஆகவே வயது மட்டும் காரணமில்லை.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்து பார்த்தோம். ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019இல் வகுத்த அளவுகள் இவை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு 17 ஆனது. அம்மாவின் தையல் டேப்பால் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தோம். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படலாம், பெண்களுக்கு 33. அப்பாவுக்கு 31.5. டேப் இல்லாதவர்கள் இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடிக்கலாம். ஜப்பானில் செய்யும் முறை இது. வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

சரி, தசைக்கு வேண்டிய புரதத்துக்கு என்ன கொடுப்பது? வீட்டில் ஆளுக்கொரு கட்சி. பெங்களூரில் இருக்கும் அண்ணன் மறுநாளே ஆன்லைனில் முதியோருக்கான சத்துப்பொடி டின் ஒன்றை அனுப்பிவிட்டான். கடலூர் முதுநகரில் இருக்கும் சித்தப்பா, "துறைமுகத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு டின் வாங்குறீங்களே" என்று சிரித்தார். அம்மாவுக்குக் கோபம்: "தினமும் பருப்பு போடறேனே, பத்தலையா?" நான் முட்டைக் கட்சி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்து சனிக்கிழமைதோறும் அப்பா அம்மா இருக்கும் கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு பஸ் ஏறும் எனக்கு, வேகவைத்து உரித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்பதும் ஒரு காரணம்.

ஒப்பிடும் முன் அவர் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறார் என்று எழுதிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, சட்னி: 7 கிராம் புரதம். இரண்டு காபிக்கும் சேர்த்து 200 மில்லி பால்: 6. மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர்: 18. சாயங்காலம் இரண்டு பிஸ்கட்டோ முறுக்கோ, அதில் ஒன்றிரண்டு. இரவு இரண்டு தோசை: 6. மொத்தம் 40க்குக் கொஞ்சம் கீழே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதன்படி பார்த்தாலே 48 வேண்டும். அந்த அளவு எல்லா வயதினருக்கும் பொது. முதியோருக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று 2013இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது. அப்படியென்றால் அப்பாவுக்கு 58 முதல் 70.

ஆனால் அந்தத் தாளில் என் கண்ணை உறுத்தியது மொத்தம் இல்லை. 7, 18, 6 என்ற வரிசை. இளம் வயதில் கொஞ்சம் புரதம் கிடைத்தாலே தசை வேலையைத் தொடங்கிவிடும். வயதான தசைக்குக் காது மந்தம். மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாது. ஒரே வேளையில் 25, 30 கிராம் என்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். அதிலும் லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டரை, மூன்று கிராம் இருந்தால்தான் நன்றாகக் கேட்கும். அப்பாவின் காலைத் தட்டும் இரவுத் தட்டும் தசையின் காதில் விழவே இல்லை. ஆக, எதில் புரதம் அதிகம் என்பதை நான் இரண்டாம் கேள்வியாகத் தள்ளிவிட்டேன். எது காலையிலும் இரவிலும் தட்டில் வந்து உட்காரும், அதுவும் நான் இல்லாத ஆறு நாளும் உட்காரும் என்பதுதான் என் முதல் கேள்வி.

டின்னில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் முதலில் வீட்டுக்கு வந்தது. முன்பக்கத்தில் சிரித்தபடி ஓடும் தாத்தா பாட்டி படம். பின்பக்கத்தைத் திருப்பினால் 100 கிராமுக்கு 16 கிராம் புரதம். ஒரு டம்ளருக்கு 33 கிராம் பொடி போடச் சொல்கிறார்கள். அதில் கிடைப்பது 5 கிராம் சொச்சம். ஒரு முட்டையில் இதைவிட அதிகம். 400 கிராம் டின் 720 ரூபாய். கணக்குப் போட்டால் 10 கிராம் புரதத்துக்கு 112 ரூபாய். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலில் சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தது. அப்பா சுகர் மாத்திரை போடுகிறவர்.

இன்னொன்றும் நடந்தது. டின் வந்த வாரம், டம்ளரைக் குடித்துவிட்டு "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று ஒரு தோசையைக் குறைத்துவிட்டார். இது அப்பாவின் தனிக் குணம் இல்லை. 1994இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 100 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களின் சராசரி வயது 87. சத்துபானம் மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கு வலு கூடவில்லை. பானம் குடித்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வில் யாருக்கு வலு கூடியது என்பதைப் பின்னால் சொல்கிறேன், முக்கியமான விஷயம் அது.

பொடியே வேண்டும் என்றால், முதியோருக்கு என்று விற்கும் இனிப்பு டின்னைவிட சர்க்கரை சேர்க்காத வே புரோட்டீன் எவ்வளவோ மேல். பாலைத் திரித்து எடுக்கும் தெளிந்த நீரிலிருந்து செய்வது. ஒரு கரண்டி 30 கிராமில் 22, 24 கிராம் புரதம் இருக்கும், சீக்கிரம் செரிக்கும், லூசினும் அதிகம். கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தால் 10 கிராம் புரதம் 33 ரூபாய்க்கு வருகிறது. "ஜிம்முக்குப் போற பசங்க குடிக்கிறதை எனக்கு எதுக்கும்மா?" என்று அப்பா ஒதுக்கிவிட்டார். அவரோடு சண்டை போட எனக்கு மனசில்லை. பசியே இல்லாதவர்கள், மெல்ல முடியாதவர்கள், ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால் நானே பொடியைத்தான் முதலில் வாங்குவேன். அப்பா நன்றாகச் சாப்பிடக்கூடிய ஆள்.

அடுத்து மீன். ருசியை வைத்துத் தீர்ப்பு சொல்வதானால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, மீன் ஜெயித்துவிடும். 100 கிராம் மீன் சதையில் 20 கிராம் பக்கம் புரதம். பல் ஆடுகிறவர்களும் மெல்லலாம். மத்தி போன்ற எண்ணெய் மீன்களில் வைட்டமின் டி-யும் ஒமேகா-3 கொழுப்பும் சேர்ந்து வரும். வஞ்சிரத்தின் விலையை நினைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் விலையில் பாதிகூட இல்லை, சத்தில் ஒன்றும் குறைவில்லை. கடலூர் துறைமுகத்தில் காலையில் போனால் கூறு கட்டி வைத்திருப்பார்கள்; புதுச்சேரியில் குபேர் மார்க்கெட் இருக்கிறது. முள்ளுக்கும் தலைக்கும் கழித்துவிட்டுப் பார்த்தால், கிலோ 200 ரூபாய் மத்தியில் 10 கிராம் புரதம் 16, 17 ரூபாய்க்குள் வரும்.

எங்கே இடறுகிறது என்றால், நாள்களில். வெள்ளிக்கிழமை கிடையாது, செவ்வாய் கிடையாது, அமாவாசை, கிருத்திகை கிடையாது. புரட்டாசி வந்துவிட்டால் திருவந்திபுரம் பெருமாளுக்காக மாதம் முழுக்கக் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் கொண்டுவருவதற்கு விலை ஏறிவிடும். நாட்காட்டியில் கட்டம் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் மீன் வந்தால் அதிகம். அதுவும் மதியத்தில், ஏற்கெனவே 18 கிராம் இருக்கிற தட்டில். தடைக்காலத்துக்குக் கருவாடு இருக்கிறதே என்று சித்தப்பா கேட்டார். காயவைப்பதால் புரதம் செறிந்து நிற்பது உண்மை. உப்பும் அப்படித்தான் நிற்கிறது. பிரஷர் மாத்திரை போடுகிற அப்பாவுக்கு அதைத் தினசரி உணவாக்க முடியாது.

ஆனால் சித்தப்பா ஒரு விஷயத்தில் என்னை மடக்கிவிட்டார். நேற்று வைத்த மீன் குழம்பும் இட்லியும்! கடலூரில் பிறந்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். குழம்பு வைக்கும்போதே மறுநாள் காலைக்கு என்று மூன்று துண்டை எடுத்து வைத்துவிட்டால், மீன் தானாகவே காலைத் தட்டுக்கு வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு காலை அப்படி நிரம்பியது.

மீதி ஐந்து காலைக்கு முட்டை. ஒன்றில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் தெருக் கடையில் 7 ரூபாய், அதாவது 10 கிராம் புரதம் 11, 12 ரூபாய்க்கு. ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய்; பாலுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். லூசின் இரண்டிலும் தாராளம். மூன்று இட்லி, இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் 24 கிராம் தொடுகிறது. இட்லியைப் பறிக்காமல் செய்ய முடிவது இதன் பெரிய பலம். அப்பாவிடம் இட்லிக்குப் பதில் ஓட்ஸ் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று.

மஞ்சள் கரு கொலஸ்ட்ரால் என்று அப்பாவே தள்ளி வைத்தார். டாக்டரிடம் கேட்டோம். நாளைக்கு ஒரு முழு முட்டை, இன்னொன்றில் வெள்ளை மட்டும் என்று சமாதானம் ஆனது. சுகர் இருப்பதால் அப்படிச் சொன்னார். வேறு தொந்தரவு இல்லாதவர்களுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியிருக்காது. வெள்ளையில் மூன்றரை கிராம்தான் இருக்கிறது என்பதால் பாலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டோம். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் தயிருக்கு மாறிக்கொள்ளலாம்.

இப்போது அம்மாவின் பருப்பு. விலையில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். 10 கிராம் புரதம் ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. வெளியில் வாங்கினாலும் ஏழெட்டு ரூபாய்தான். ஆனாலும் "தினமும் பருப்பு போடறேனே" என்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. சாம்பாரில் பருப்பை விடத் தண்ணீர் அதிகம், ஒரு கரண்டிக்கு இரண்டு மூன்று கிராம் வந்தால் பெரிது. எங்கள் வீட்டு சாம்பாரில் முருங்கைக்காய் நீந்தும். பருப்பு மேல் குற்றமில்லை, அதைக் கரைத்துவிடுவதுதான் பிரச்சினை.

கரைக்காமல் சாப்பிடுகிற வழிகள் நம் சமையலிலேயே இருக்கின்றன. அடை. பாசிப்பயறு தோசை. சுண்டல். பருப்பு உருண்டைக் குழம்பு. 60 கிராம் பாசிப்பயறை ஊறவைத்து அரைத்து மூன்று தோசை ஊற்றினால் அதிலேயே 14 கிராம். ஒரு கிண்ணம் தயிரும் படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் 22. இரவுத் தட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. முட்டை, மீன் அளவுக்குப் பயறில் லூசின் இல்லை, அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். அரிசியில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் இருக்கிறது, பயறில் குறைகிற மெத்தியோனின் அரிசியில். அடையைக் கண்டுபிடித்த பாட்டிக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது, கை மட்டும் சரியாகப் போயிருக்கிறது. வாயுத் தொந்தரவு நிஜம். முளைகட்டியோ இரவு முழுக்க ஊறவைத்தோ பெருங்காயம், இஞ்சி சேர்த்தால் குறையும். கொண்டைக்கடலை அப்பாவுக்கு ஒத்துவரவில்லை, பாசிப்பயறு ஒத்துவந்தது.

மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். மலிவும்கூட. இந்தப் பந்தயத்தில் எண்களை மட்டும் பார்த்தால் அதுதான் முதல். குருமாவில் போட்டால் நான் சாப்பிடுவேன். அப்பா பொறுக்கி ஓரம் வைப்பார். ஓரம் வைக்கிற 50 கிராமைவிட உள்ளே போகிற 6 கிராம் பெரிது. பண்ருட்டி முந்திரி பற்றியும் கேட்டார்கள், ஊர்ப் பெருமைக்காகச் சொல்கிறேன்: 100 கிராமில் 18 கிராம் புரதம் உண்டு, கூடவே 45 கிராம் கொழுப்பும். பாயசத்தில் இருக்கட்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன்னால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டோம். சுகரோ பிரஷரோ பல வருஷமாக இருப்பவர்களுக்கு இதைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீரகம் கெட்டிருந்தால் புரதத்தைக் கூட்டுவது எதிர்ப்பக்கம் போவதாகும். அவர்களுக்கு டாக்டர்கள் குறைக்கத்தான் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குக் கணக்கு மறுபடி மாறிக் கூடுதலாகத் தேவைப்படும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று பார்த்துச் செய்யக்கூடிய விஷயமில்லை இது.

பாஸ்டன் ஆய்வில் வலு கூடியது யாருக்கு என்று சொல்கிறேன் என்றேனே. காலுக்குப் பளு கொடுத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு. பத்தே வாரத்தில் வலு இரு மடங்குக்கு மேல் போனது. அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1990இல், தொண்ணூறு வயதை ஒட்டியவர்களை வைத்து எட்டு வாரம் நடந்த ஒரு சிறிய ஆய்விலும் சராசரி 174 சதவீதம் வலு கூடியது. சாப்பாடு செங்கல் என்றால் இது கொத்தனார். அண்ணனோ சித்தப்பாவோ நானோ, மூன்று வாரம் செங்கலைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா தினமும் நடக்கிறார்தான், மாலையில் சில்வர் பீச் வரை. இங்கே வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை. இதயத்துக்கும் சுகருக்கும் நல்லது. சதை வளர அது போதாது, பளு வேண்டும். அப்பாவுக்குப் பளு அவர் உடம்பேதான்: காலை இட்லிக்கு முன் நாற்காலியில் எழுந்து உட்காருவது பத்து முறை, சாயங்காலம் பத்து முறை. முதல் வாரம் கையை ஊன்றிக்கொண்டு. பிறகு ஒரு கை. பிறகு கை இல்லாமல். இப்போது இரண்டு கைகளிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

டின்னுக்கும் ஓர் இடம் கிடைத்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. போன ஐப்பசியில் அப்பா காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்திருந்தார். கஞ்சி, ரசம் சாதம், பன், மறுபடி கஞ்சி. நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போனதாக 2007இல் வெளியிட்டார்கள். அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை. அரிசிக் கஞ்சியில் புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வாட்ச் பட்டையில் இரண்டாவது ஓட்டை விழுந்தது அந்த ஒன்பது நாளில்தான் என்று இப்போது நினைக்கிறேன். இனி காய்ச்சல் என்றால் கஞ்சியோடு அடித்த முட்டை அல்லது பாசிப்பருப்பு, அதுவும் இறங்காவிட்டால் வே பொடி. சின்ன டப்பா ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் அவன் கட்சியும் ஜெயித்தது என்று சொல்லியிருக்கிறேன்.

நான்கு மாதம் ஆகிறது. மதியச் சாப்பாட்டில் நாங்கள் கை வைக்கவே இல்லை. காலையில் முட்டையோ மீன் குழம்போ, இரவில் பயறுத் தோசை, மொத்தம் 65 கிராமுக்கு மேல் போகிறது. காபி ஒன்றாகக் குறைந்ததில் அப்பாவுக்கு வருத்தம். நாற்காலிச் சோதனை 17 நொடியில் இருந்து 13க்கு வந்திருக்கிறது. கெண்டைக்கால் டேப்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. வலு முதலில் வரும், அளவு மெதுவாகத்தான் வரும் என்கிறார் டாக்டர்.

அதே டேப்பால் ஒரு சனிக்கிழமை அம்மாவையும் அளந்தேன். 30. அவருக்கு வயது 66. எங்கோ ஒரு வேண்டுதலில் கவிச்சியை விட்டு இருபது வருஷம் ஆகிறது. மீன் சமைப்பார், முட்டை உரிப்பார், வாயில் வைக்க மாட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சிய சாதமும் ரசமும்தான் அவருக்கு. இத்தனை கணக்கு எழுதிய தாளில் அம்மாவின் பெயரில் ஒரு வரி இல்லை. அவருக்கு இந்த ஒப்பீட்டில் மிஞ்சுவது பயறு, தயிர், பால், பனீர், மீல்மேக்கர். முதல் மூன்றுக்குச் சம்மதித்துவிட்டார். பனீர் "ஹோட்டல் ஐட்டம்" என்றார். மீல்மேக்கரை ஒருமுறை மென்று பார்த்துவிட்டு ரப்பர் மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கினார். இப்போது சனிக்கிழமை மாவு ஆட்டும்போது அதை மிக்ஸியில் நுணுக்கி அடை மாவில் கலந்துவிடுகிறேன். "இந்த வாட்டி அடை நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்றார் போன வாரம். இன்னும் சொல்லவில்லை.